இருசாயியின் உரல் சத்தம்

காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று புளியமரக் கிளையில் தொங்கும். ஒரு தடவை இருசாயி அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மலையிலிருந்து வாழைத்தார் சுமந்து இறங்கிய களைப்பு. உட்கார வேறு இடம் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள். உப்புக்காரருக்கு வேடிக்கையாகிவிட்டது. எதிர்த்தட்டில் ஒரு மூட்டை உப்பை ஏற்றினார். தராசு அசையவில்லை. இன்னும் அரை மூட்டையைச் சேர்த்த பிறகுதான் இருசாயியின் பாதம் தரையைவிட்டு எழுந்தது. சந்தையே கூடிக் கைதட்டியது. வேறொருத்தியாக இருந்தால் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஓடியிருப்பாள். இவள் தட்டில் உட்கார்ந்தபடியே உப்பில் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உங்க உப்பு ஒரு மழைக்குக் கரஞ்சு போயிருமுங்க. நான் கரய மாட்டேன்" என்றாள். உப்புக்காரர் சிரித்துச் சிரித்து ஒரு கை உப்பைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாராம்.

கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அதில் தேவனூர் நாட்டில் கீழ்வளவு என்று பதினெட்டு வீடுகள் உள்ள சிற்றூர். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் இருசாயி. பிறந்தது பைல் நாடு. கணவன் சென்றாயன் ஒல்லியான மனிதன். மூங்கில் கழி ஒன்று வேட்டி கட்டிக்கொண்டு நடப்பது போல இருப்பான். ஓடையில் வெள்ளம் வந்தால் இருசாயி அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அக்கரை சேர்ப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய் என்று சென்றாயன் சண்டைக்கு வருவான். ஒரே ஒரு தடவைதான் என்று இருசாயி திருத்துவாள்.

இப்படிப்பட்டவளைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: நன்றாகச் சாப்பிடுகிறவள். எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான். ஒரு மாட்டைப் பார்த்தால் அது தண்ணீர் குடித்ததா, தீனி தின்றதா என்று வயிற்றைத் தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஊர், ஒரு பெண்ணைப் பார்த்து அவள் சாப்பிட்டாளா என்று சொல்லத் தெரியாமல் இருந்தது.

இருசாயி நன்றாகச் சாப்பிடுவாள் என்பது பாதி உண்மை. பலா பழுக்கிற மாதத்தில் ஒரு முழுப் பழத்தை உடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழும்போது கொட்டைதான் மிச்சம் இருக்கும். சாமை அறுப்பு முடிந்து பெரியசாமி கோயிலில் கிடா வெட்டுகிற அன்று அவள் இலைக்குப் பரிமாறுகிறவர்கள் வரிசையை மறந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். நாளைக்குக் கிடைக்கும் என்று அவள் வயிறு ஒருநாளும் நம்பியதில்லை. மீதிப் பாதி உண்மை அந்தச் சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் இடையில் இருந்தது. பங்குனியிலிருந்து மழை விழுகிறவரை வீட்டில் இருப்பதைப் புருஷனுக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியைக் கழுவிய தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுப்பாள். உடம்பு மட்டும் பலாவில் கிடைத்ததையும் கிடாவில் கிடைத்ததையும் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

எட்டு வயதில் ஒரு பஞ்சத்தின்போது, பைல் நாட்டில், சித்தியிடம் போய்ப் பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இருசாயியும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அந்த வார்த்தையை விழுங்கியவள் பிறகு வெளியே எடுக்கவேயில்லை. வேறு எதைப் பற்றியும் பேசுவாள், பாடுவாள், கேலி செய்வாள். அந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள்.

கீழ்வளவில் விதை வைக்கிற முறை ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு விதை வைத்திருந்தால் பசி மாதத்தில் வீட்டுக்கு வீடு தின்றுவிடுகிறார்கள் என்று, ஊர் விதை முழுவதையும் ஒரே தொம்பையில் போட்டு வைப்பார்கள். தொம்பை என்றால் மூங்கிலில் ஆள் உயரத்துக்கு முடைந்து, சாணியும் செம்மண்ணும் பூசி, மேலே புல்லால் குல்லாய் போட்ட தானியக்கூடு. அடியில் ஒரு வாய் இருக்கும். அதை அடைத்து, ஈரச் சாணியில் ஊர்க்கவுண்டர் ஐந்து விரலையும் பதிப்பார். மழை பெய்து மண் இளகிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அதுவரை ஒரு வீடு காவல்.

முந்தின வருடம் காவல் இருந்தவன் முத்தன். மழை வந்து தொம்பையைத் திறந்தபோது கீழே பாதி விதை, மேலே பாதி பூச்சிக்குப் போடுகிற நொச்சித் தழை. முத்தன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனை யாரும் அடிக்கவில்லை. ஆனால் பைல் நாட்டுச் சொந்தக்காரர்களிடம் போய் விதைக்குக் கையேந்தி நின்ற வெட்கம் ஊருக்கு ஆறவேயில்லை. அவர்கள் விதையையும் கொடுத்து, தேவனூர் நாட்டுக்காரர்கள் விதையைச் சமைத்துத் தின்றுவிட்டு மண்ணை விதைக்கிறார்கள் என்று ஒரு பாட்டும் கட்டிவிட்டார்கள்.

ஆகவே மாசி மாதம் சாமை அடித்து முடிந்ததும் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் அண்ணாமலைக் கவுண்டர் நிதானமான மனிதர். எதையும் யோசித்துத்தான் சொல்வார், அதனால் தப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னது போலவே இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்.

"பசிச்சவன் கையில வெதயக் குடுத்தது நம்ம தப்பு. முத்தனைச் சொல்லிக் குத்தமில்ல. இந்த வருசம் பசியே இல்லாத ஆளாப் பாத்து வெக்கோணும்."

எல்லோருக்கும் அது மிகவும் சரியாகப் பட்டது. பசியே இல்லாத ஆள் யார் என்று தலைகள் திரும்பின. திரும்பிய தலைகள் எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. அங்கே இருசாயி ஒரு குழந்தையின் கையிலிருந்த சுட்ட கிழங்கைப் பிடுங்குவது போல விளையாட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு விஷயம் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து, பதினெட்டு வீட்டு விதையும் உன் பொறுப்பு ஆயா என்று, தாயை அழைப்பது போல, எல்லோர் முன்னாலும் சொன்னபோது, அவள் விளையாட்டை விட்டு எழுந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் உடம்பு ஊருக்கு வேடிக்கைப் பொருள். முதல் தடவையாக அதே உடம்பைப் பார்த்து ஒரு ஊர் நம்பிக்கை வைக்கிறது. எனக்கும் பசிக்கும் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வாள்? சொல்லவில்லை. சரிங்க என்றாள்.

புதுத் தொம்பை அவள் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே எழுந்தது. சாணி பூசும்போது அவளே முழங்கை வரை இறங்கிப் பூசினாள். ஊர்க்கவுண்டர் விரல் பதித்தார். அன்று மாலை இருசாயி தொம்பையைச் சுற்றி மூன்று தரம் நடந்து, அதன் மேல் கையை வைத்து, உயரத்தில் யார் பெரியவர் என்று அளந்து பார்த்தாள். தொம்பை ஒரு சாண் கூடுதல் உயரம். அகலத்தில் தான்தான் பெரியவள் என்று பெண்களிடம் அறிவித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஊரில் அவளுக்குத் தொம்பைக்காரி என்று பெயர்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கீழ்வளவில் பொழுது இறங்குகிற நேரத்தில் வாசலுக்கு வாசல் உரல் சத்தம் கேட்கும். அன்றன்றைக்கு வேண்டிய சாமையை அன்றன்றைக்குத்தான் குத்துவார்கள். ஒரு வீட்டு உரல் இரண்டு மாலை சேர்ந்தாற்போல் சும்மா கிடந்தால், அந்த வீட்டில் தானியம் தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள், இவர்களும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் மாலை ஒரு கிண்ணம் கூழோ களியோ வந்து வாசலில் உட்காரும். கொடுத்தவர் யார் என்று தெரிந்தும் தெரியாதது போல எடுத்துக்கொள்வார்கள். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி வைப்பதோடு சரி. மானம் போகாமல் வயிறு நிறைகிற ஏற்பாடு. இதை யோசித்தவர் யாரோ, அவர் பெரிய ஆள்.

அந்த ஈஸ்வர வருடம் மழை தள்ளிப் போயிற்று. சித்திரையில் இடி இடித்தது, மழை இல்லை. வைகாசியில் மேகம் வந்து ஊரை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பலா கல்லு கல்லாய்ப் பிஞ்சிலேயே உதிர்ந்தது. சென்றாயன் வேலை தேடி அடிவாரத்துக்கு இறங்கினான்; கல் உடைக்கிற இடத்தில் கூலி கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டான். போகும்போது, தொம்பையைப் பார்த்துக்கொள் என்றான். உன்னைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. அவளைப் பற்றி அவனுக்கும் கவலை இருந்ததில்லை.

வைகாசி அமாவாசையோடு இருசாயி வீட்டில் சாமை தீர்ந்தது.

மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தது. இந்த வாசலில் உரல் நின்றது, அந்த வாசலில் நின்றது. அடிவாரத்தில் கூலி செய்கிறவர்கள் அனுப்பிய தானியம் ஒரு வீட்டுக்கு வந்தால் நான்கு வீட்டுக்குக் கிண்ணம் போயிற்று. கிண்ணங்கள் ஊரைச் சுற்றி நடந்துகொண்டேயிருந்தன. இருசாயி மட்டும் தன் உரலைப் பார்த்தபடி உட்கார்ந்து யோசித்தாள். உரலைச் சும்மா விட்டால் மூன்றாம் நாள் கிண்ணம் வரும். கிண்ணம் வந்தால், தொம்பைக்காரிக்கும் பசி வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரியும். பசித்தவள் கையில் விதை இருக்கக்கூடாது. தொம்பையை வேறு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் பழையபடி சந்தைத் தராசில் ஏறுகிற வேடிக்கைக்காரி ஆகிவிடுவாள். அதை நினைத்தபோது பசியைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

எனவே உரலில் ஒரு கூடை உமியைக் கொட்டி இடிக்க ஆரம்பித்தாள்.

வெறும் உமி இடித்தால் சத்தம் மொத்தென்று விழும். காது பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாலு மாங்கொட்டை ஓட்டைக் காயவைத்துச் சேர்த்துப் போட்டால் சாமை குத்துகிற சத்தம் அப்படியே வந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமை. மூத்தவள் பொன்னாயிக்கு ஒன்பது வயது. அம்மா என்ன செய்கிறாள் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அது மூன்று பேருக்கும் ஒரு விளையாட்டாயிற்று. இருசாயி உலக்கை போடுவாள். பொன்னாயி முறத்தில் உமியைப் புடைப்பாள். சின்னவள் வீட்டுக்குள்ளிருந்து சத்தமாகக் கேட்பாள்.

"இன்னிக்கு என்ன சோறும்மா?"

"சாமைச் சோறும் மொச்சைக் கொழம்பும் சாமி."

"நேத்து?"

"நேத்து நாட்டுக்கோழி தின்னமே, மறந்து போச்சா?"

மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு குழந்தைகள் காட்டிலிருந்து அவள் தோண்டி வந்த வள்ளிக்கிழங்கைச் சுட்டுத் தின்பார்கள். இருசாயி கீரை வேகவைத்த தண்ணீரைக் குடிப்பாள். கிழங்கு தோண்டப் போகப் போக ஆழமாயிற்று. அவளுக்குப் பாதத்திலிருந்து முழங்கால் வரை நீர் கோத்து வீங்கியது. அழுத்தினால் விரல் குழி அப்படியே நிற்கும். சிரிப்பு மட்டும் குறையவில்லை. இதை நான் அவளுடைய வீரம் என்று சொல்ல மாட்டேன். சிரிக்கிற நேரத்தில் பசி சற்று ஒதுங்கி உட்காருகிறது என்று அவளே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெருமாயி ஒட்டி உலர்ந்த பெண். நாக்கு மட்டும் அவளிடம் கொழுத்துப் போயிருந்தது. மோசமானவள் இல்லை, அந்தக் கோடையில் தன் வீட்டில் இருந்ததை நான்கு கிண்ணமாகப் பிரித்து அனுப்பியவள் அவள்தான். ஆனால் ஆனி பிறந்தும் இருசாயி வீட்டு உரல் ஓயாமல் சத்தம் போடுவதைக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது. ஊரில் எல்லோருக்கும் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. இவள் கால் மட்டும் நாளுக்கு நாள் தூண் மாதிரி பெருக்கிறது. போதாக்குறைக்கு மொச்சைக் குழம்பு, நாட்டுக்கோழி. தானியம் எங்கிருந்து வருகிறது? பெருமாயி தொம்பையைப் பார்த்தாள். அடி வாயில் கவுண்டரின் விரல்கள் அப்படியே இருந்தன. மேலே இருக்கும் புல் குல்லாயை நெம்பிக் கைவிட்டால் யாருக்குத் தெரியும்?

நேரே ஊர்க்கவுண்டரிடம் போனாள். அவர் நம்பவில்லை. கொழுத்தவள் எதற்கு விதையைத் தின்னப் போகிறாள் என்றார். கொழுத்தது எதனால் என்று பெருமாயி கேட்டாள். அவர் தொம்பை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மழைக்கு முன்னால் தொம்பையைத் திறக்க மாட்டேன் என்றார். அது நடக்காத காரியம். தொம்பையைத் திறக்க வேண்டாம், உரலைப் பார்க்கலாம் அல்லவா என்றாள் பெருமாயி.

மறுநாள் பொழுது இறங்குகிற நேரத்தில் ஏழெட்டுப் பேர் இருசாயி வாசலில் வந்து நின்றார்கள். முத்தனும் வந்திருந்தான்; கடைசியில், வேலியோரம் நின்றான். இருசாயி உலக்கையை ஓங்கியிருந்தாள். உள்ளிருந்து சின்னவள், இன்றைக்கு என்ன சோறு என்று கேட்டாள். பதில் வராததால் இன்னொரு தரம் சத்தமாகக் கேட்டாள்.

ஊர்க்கவுண்டர் குனிந்து உரலுக்குள் கையை விட்டார். அள்ளிய கையை விரித்து ஊதினார். அத்தனையும் பறந்து போயிற்று. உள்ளங்கையில் ஒரு மாங்கொட்டை ஓடு மட்டும் நின்றது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குள் பெருமாயி வீட்டுக்குள் நுழைந்து அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் தூக்கிவிட்டாள். பச்சைத் தண்ணீரில் நாலு கீரைத் தண்டு. பக்கத்தில் தேக்கிலையில் இரண்டு கிழங்கு. இரண்டே இரண்டு. அந்த வீட்டில் மூன்று பேர் என்பது அவளுக்குத் தெரியும். மூடியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தவள் இருசாயியின் காலைப் பார்த்தாள். குனிந்து ஒரு விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. எழவேயில்லை.

"எத்தன நாளா ஆயா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"வைகாசி அமாவாசையிலிருந்துங்க."

"ஒரலைச் சும்மா உட்டிருந்தா நாங்க வந்திருப்பமே கண்ணு."

"வந்திருப்பீங்க. வந்து, பசிச்சவளாச்சேன்னு தொம்பையைத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்குப் பசி இல்லீன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நான் எப்பச் சொன்னேன்?"

ஊர்க்கவுண்டருக்கு இப்போது தர்மசங்கடம். அவரே போட்ட விதிப்படி பசித்தவளிடம் விதை இருக்கக்கூடாது. பசித்தவளோ தொம்பையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் உமியை எதற்கு இடிக்கிறாள்? அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது வேலியோரத்திலிருந்து முத்தன் பேசினான். ஒரு வருடமாக ஊர்க்கூட்டத்தில் வாயே திறக்காதவன்.

"எனக்கும் பசிதானுங்க. இந்தப் புள்ளையாட்டத் தாங்க முடியல, தின்னுட்டேன். ஆனா ஒண்ணு. போன வருசம் எங்க ஊட்டு ஒரல் பதினாறு நாள் சும்மா கெடந்துச்சு. தொம்பையே அவன் வாசல்ல இருக்குதேன்னு ஒரு கிண்ணம் வரலீங்க."

அதைச் சொல்லிவிட்டு அவன் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான். பதினாறு நாள் என்று அவன் எண்ணி வைத்திருந்ததுதான் எல்லோரையும் தைத்தது. அந்த வாசலில் நின்ற ஏழெட்டுப் பேரும் அந்தப் பதினாறு நாளும் அவன் வீட்டைத் தாண்டிப் போனவர்கள். விதையைக் காக்க ஆள் வைத்தார்கள். அந்த ஆளைக் காக்க யாரும் இல்லை என்பது இரண்டு வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் உரல் சத்தத்தில் ஊரையே படிக்கத் தெரிந்தவர்கள்.

பெருமாயி சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனாள். வெட்கத்தில் போகிறாள் என்று நினைத்தார்கள். திரும்பி வரும்போது அவள் வீட்டுக் கூழ்ப்பானை இடுப்பில் இருந்தது. வந்ததும் வராததுமாகத் திட்ட ஆரம்பித்தாள். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு சின்ன வார்த்தையைத் தூக்கி வெளியே போட முடியவில்லையா, மாங்கொட்டை ஓடு போட்டு ஊர்க்காதைக் குத்தத் தெரிந்தவளுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லையா என்று திட்டினாள். திட்டிக்கொண்டே ஊற்றினாள். கண்ணீர் கூழில் விழுந்துவிடாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இருசாயி முதல் கிண்ணத்தைக் குழந்தைகளிடம் கொடுத்தாள். இரண்டாவதைக் குடித்தாள். பிறகு மூன்றாவது. ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்து களி வந்தது. யாரோ வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். முத்தனின் மனைவி ஒரு கை வறுத்த பலாக்கொட்டையை முந்தானையில் முடிந்து வந்தாள். எல்லா வீட்டிலும் கொஞ்சமாக இருந்தது, எல்லாம் சேர்ந்தபோது ஒருத்தியின் வயிற்றுக்குக் காணும் அளவுக்கு ஆயிற்று. ஊரே சுற்றி உட்கார்ந்து ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்த்தது. கிடா வெட்டிய அன்று பார்ப்பது போல வேடிக்கையாகப் பார்க்கவில்லை. ஐந்தாவது கிண்ணத்தை நக்கிவிட்டு இருசாயி பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்குதாக்கா?"

அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. பெருமாயிக்கும் வந்தது. பானையைக் கவிழ்த்தே ஊற்றினாள்.

தொம்பை இடம் மாறவில்லை. பொழுது இறங்கினால் முதல் கிண்ணம் காவல் வீட்டுக்கு என்று ஆயிற்று; உரல் சத்தம் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. பெருமாயி அதோடும் நிற்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் தினமும் அவள் இருசாயி வீட்டுக்குள் வந்து சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். ஆளைப் பார்த்து ஏமாந்தது போதும் என்பது அவள் கட்சி.

ஆனி இருபதுக்கு மேல் மழை வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு மழை. ஊர்க்கவுண்டர் நனைந்துகொண்டே வந்து தன் விரல் அடையாளத்தில் தன் விரலையே வைத்துப் பார்த்துவிட்டு அடைப்பை உடைத்தார். சாமை சரசரவென்று கொட்டியது. கூடையில் நிறைந்து வழிந்தது. அடுத்த கூடை, அதற்கடுத்த கூடை. கடைசிக் கூடையோடு ஒரு கொத்து நொச்சித் தழை வந்தபோது மட்டும் எல்லோரும் பதறிக் கூடைக்குள் குனிந்தார்கள். பூச்சிக்குப் போட்ட தழைதான். முத்தன் அதை எடுத்துத் தூர எறிந்தான். இருசாயி மழையில் நின்று கூத்தாடினாள். சேற்றில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட நான்கு பேர் வேண்டியிருந்தது. தூக்க வந்த நால்வரும் விழுந்தார்கள். அப்படியே விதைக்கப் போனார்கள்.

அந்த வருடம் பைல் நாட்டுப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு ஒன்று இருசாயியே கட்டினாள். பிறந்த ஊரைக் கேலி செய்து கட்டிய பாட்டு என்பதால் அவள் அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. சென்றாயன் மலையேறி வந்து நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அன்றைக்குத் தானே அடுப்பு மூட்டி, முதல் உருண்டைக் களியை அவள் தட்டில் வைத்தான். தேவனூர் நாட்டில் ஒரு ஆண்பிள்ளை அப்படிச் செய்தது அது எத்தனையாவது தடவை என்று எனக்குத் தெரியாது. அவள் மறுக்காமல் தின்றாள்.

அடுத்த மாசியில் மறுபடி ஊர் கூடியது. யாரைக் காவல் வைப்பது என்று ஊர்க்கவுண்டர் கேட்டபோது தலைகள் பழையபடி இருசாயி பக்கம்தான் திரும்பின. இந்தத் தடவை அவர் பசியில்லாத ஆள் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"பசி மாசம் வருது. என்ன ஆயா சொல்றே?"

இருசாயி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எனக்குப் பசிக்குமுங்க. பசிச்சா சொல்லுவேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டு வயதிலிருந்து அவள் காத்திருந்தது அந்தச் சிரிப்பு வராத ஒரு கூட்டத்துக்குத்தான் போலிருக்கிறது. சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் சரி என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளேதான் முதலில் சிரித்தாள்.

சொன்ன வார்த்தையை அவள் காப்பாற்றினாள். சித்திரை கடைசியில் ஒரு மாலை, உரலைச் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று, பதினெட்டு வீட்டுக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"பெருமாயக்கா, பசிக்குது."

"இரு இரு, ஒலையில அரிசி கெடக்குது. வாரேன்," என்று உள்ளிருந்து பதில் வந்தது.